முன்னிலை: மில்லக்கா

மில்லக்காவை நான் முதன்முதலாக நெருக்கத்தில் பார்த்தபோது அவர் ஒரு கவிஞரை அடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் நூலகத்து விறாந்தையில் கவிதை வாசிப்பு முடிந்து தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். கவிஞர் வெளியூர்க்காரர், அறுபதைத் தாண்டியவர். தேநீர்த் தட்டை நீட்டிய பள்ளிக்கூடப் பிள்ளையின் தோளில் கையை வைத்து, நல்லாய் வாசித்தீர் என்று பாராட்டிக்கொண்டே அந்தக் கையை மெல்ல மெல்லக் கீழே இறக்கினார். நான் பார்த்தேன். நூலகக் குழுத் தலைவரும் பார்த்தார். இருவருமாக வடைத் தட்டில் எத்தனை வடை மிச்சம் என்று பார்க்கத் தொடங்கினோம். மதிலுக்கு அந்தப் பக்கம் மில் வாசலில் நின்ற ஒருவர் மட்டும் செருப்பும் இல்லாமல் விறுவிறு என்று வந்து, ஒரு வார்த்தை கதைக்காமல், கவிஞரின் கன்னத்தைப் பொத்தி அறைந்தார். மிளகாய்த்தூள் அள்ளிய கை. அடியைவிடக் கண்ணுக்குள் போன தூள்தான் அந்த மனிதரை ஆட்டிவைத்தது. அவர் கிணற்றடியில் குந்தியிருந்து அலற, நான் வாளி வாளியாக அள்ளி ஊற்றினேன். அதற்குள் மில்லக்கா திரும்பிப் போய் மில்லை ஓடவிட்டிருந்தார்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் ஊரில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. மா மில் வைத்திருந்தபடியால் மில்லக்கா. அவர் செத்து இரண்டு வருடமாகிறது. அவரைப்பற்றிச் சொல்லச் சொன்னால் எங்கள் ஊரில் ஒவ்வொருவரும் ஒரு அடியைத்தான் சொல்வார்கள். யாருக்கு விழுந்தது, எதற்கு விழுந்தது, எந்தப் பக்கக் கன்னம் என்பதுவரை சொல்வார்கள்.

நூலகத்துக்கும் மில்லுக்கும் நடுவில் ஒரு மதில்தான். கோப்பாய் வீதியால் போகிற பஸ்சின் சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மில் ஓடத் தொடங்கினால் பேச்சாளரின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். எங்கள் பட்டறைகளும் உரைகளும் கலைஞர் சந்திப்புகளும் சனிக்கிழமை பின்னேரம். ஊர்ச் சனம் மிளகாயும் மல்லியும் வறுத்துக் கட்டிக்கொண்டு மில்லுக்கு வருவதும் சனிக்கிழமை பின்னேரம். நூலகர் என்ற முறையில் என்னைத்தான் சமாதானம் பேச அனுப்பினார்கள். கூட்டத்தில் என்ன செய்வீர்கள் என்று மில்லக்கா கேட்டார். கதைப்போம் என்றேன். அதற்கு நான் ஏன் மில்லை நிறுத்தவேண்டும் என்றார்.

தலைவர்தான் வழி கண்டுபிடித்தார். எங்கள் பக்கத்தில் அழைப்பிதழ் என்றால் தலைமை, முன்னிலை, நன்றியுரை என்று மூன்று பெயராவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அது கூட்டமே இல்லை. முன்னிலையில் அவர் பெயரைப் போட்டால், பெயர் போட்ட மரியாதைக்காக வந்து முன்வரிசையில் இருப்பார், மில் தானாக நிற்கும் என்றார். அப்படியே நடந்தது. தலை தோய்ந்து, வெள்ளையில் நீலக்கரைச் சேலை கட்டி, விபூதி பூசி வந்து இருந்தார். மில் வாசலில் காத்திருந்த பெண்களும் வேறு வழியில்லாமல் மிளகாய்க் கடகப்பெட்டிகளோடு பின்னால் வந்து இருந்தார்கள். எங்கள் நூலகத்தில் சனம் நிரம்பியது அன்றுதான். மண்ணின் இலக்கியம் பற்றிப் பேச வந்தவர் பதினொரு முறை தும்மினார்.

முன்னிலை வகிக்கிறவருக்கு என்ன வேலை என்று என்னிடம் ஒருநாள் கேட்டார். ஒன்றும் இல்லை அக்கா, சும்மா இருந்தால் போதும் என்றேன். அவர் நம்பவில்லை.

“சும்மா இருக்கிறதுக்கு ஒருத்தரும் பேர் அடிச்சுப் போடமாட்டினம் பிள்ளை. பேர் போட்டால் அந்த இடத்திலை நடக்கிறதுக்கு நான்தான் பொறுப்பு.”

அந்தப் பொறுப்பை அவர் கையால் நிறைவேற்றினார். இருபது நிமிடம் என்று சொல்லி ஒன்றரை மணித்தியாலம் பேசிய ஓய்வுபெற்ற அதிகாரியை, அவருக்குப் போர்த்திய பொன்னாடையாலேயே இழுத்துக் கதிரையில் இருத்தினார். புகைப்படப் பட்டறை நடத்த வந்த இளைஞன் அவரை மில்லின் இருட்டில் நிறுத்தி, வெடித்த விரல்கள் தெரிய, இன்னும் கொஞ்சம் சோகமாகப் பாருங்கோ அம்மா என்றான். இரண்டு முறை பொறுத்தார். மூன்றாம் முறை கமரா போய் மதிலில் மோதியது. பிறகு அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, சோகம் எண்டு உனக்கு ஆர் சொன்னது என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.

சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். எல்லாம் சிரிப்பில்லை. குடித்துவிட்டு வந்து சிறுவர் ஓவியப் போட்டியைக் குழப்பிய ஒருவனை மில்லின் இரும்புத் தண்டால் அடித்தார். அவன் விழுந்த பிறகும் அடித்தார். பல்லொன்று தெறித்துச் சீமெந்து நிலத்தில் உருண்டது. குனிந்து அதை எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, அவனுடைய சட்டைப் பையில் வைத்தார். வர்ணப் பெட்டிகளோடு இருந்த பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு எது, இரத்தம் எது என்று தெரியாத தாளொன்றை நான் பின்னால் மடித்துக் குப்பையில் போட்டேன். ஆனாலும் அடுத்த அழைப்பிதழிலும் அவர் பெயரைப் போட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தக் கை பிடித்திருந்தது. வாழ்க்கையில் ஒருவரையும் ஏன் என்று கேட்காதவள் நான். என் பக்கத்தில் ஒரு கை எழுந்து விழுவது எனக்கு ருசியாக இருந்தது.

தன்னைப்பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை. ஒருமுறை மில்லுக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தபோது, தன் மனுசனும் முன்பு அடிக்கிறவர்தான் என்றார். இவருடைய தலையைப் பிடித்துச் சுவரில் மோதியிருக்கிறார், ஒரு மாசிமாதம் வயிற்றில் உதைத்துப் பிள்ளை கலைந்திருக்கிறது. இதையெல்லாம் மிளகாய் விலை சொல்வதுபோலச் சொன்னார்.

“ஒருநாள் உலக்கையாலை திருப்பிக் குடுத்தன். பேந்து அந்தாள் சாகுமட்டும் கை நீட்டேல்லை. ஒருக்கால் திருப்பி வாங்கினால் விளங்கும் பிள்ளை, ஆம்பிளையளுக்கு.”

இதை அவர் முழுமனதாக நம்பினார். நானும் நம்பினேன்.

எங்கள் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி போடுகிறவன் ஒருவன் இருந்தான். மரியாதையானவன். வயதில் குறைந்த என்னையும் மிஸ் என்றுதான் கூப்பிடுவான். அவன் மனைவி கூட வந்து வயர் இழுப்பாள், முடிந்ததும் சுருட்டுவாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

களிமண் பட்டறை நடந்த அன்று அவள் வயரை வைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே, ஓரமாகக் குந்தி ஒரு பிடி மண்ணை எடுத்தாள். ஒரு மாடு செய்தாள். கொம்பு வைக்கும்போது அவன் வந்து பின்கழுத்தில் அடித்தான். முகம் போய் ஈர மண்ணில் குத்தியது. முன்வரிசையிலிருந்து மில்லக்கா எழுந்து வந்தார். இடம், வலம், திரும்பவும் இடம் என்று மூன்று அறை. அவனுடைய உதடு கிழிந்து பற்களில் இரத்தம் படிந்தது. நாங்கள் கைதட்டினோம். பட்டறை நடத்தியவரும் மண்கையோடு தட்டினார். அவன் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, போய் மைக்கைச் சரிசெய்தான்.

அடுத்த மாதமும் அவர்கள் வந்தார்கள். அவள் முழங்கை தாண்டிக் கைநீண்ட சட்டை போட்டிருந்தாள். ஆடி வெயிலில் ஏன் இது என்று நான் கேட்கவில்லை. கிழிந்த புத்தகத்தைப் பத்தடி தூரத்தில் நின்றே கண்டுபிடிக்கிறவள் நான். அந்தச் சட்டைக்குள் இருந்தது எனக்குத் தெரியாது என்றால் அது பொய்.

புகைப்படப் பட்டறையன்று அவள் கமராவைக் கையில் வாங்கிப் பார்த்ததற்காக, பின்னலைப் பிடித்து விறாந்தையால் இழுத்துக்கொண்டு போனான். மில்லக்கா மைக் ஸ்டாண்டைத் தூக்கி அவன் முதுகில் போட்டார். கதை சொல்லும் பட்டறையில் அவள் வாய் திறந்ததற்கு அவன் முறைத்தான். அந்த முறைப்புக்கே அடி. கைதட்டல் கூடிக்கொண்டே போனது. கைநீண்ட சட்டைகளும் கூடின. வேறு ஒலிபெருக்கிக்காரனைப் பார்க்கலாமா என்று நான் ஒருதரம் தலைவரைக் கேட்டேன். இவன் சொன்ன நேரத்துக்கு வருகிறவன் என்றார்.

பிறகு ஓவியர் ஒருவர் வந்தார். கதைக்கக் கொஞ்சம் கூச்சப்படுகிற பெண். ஆறு சனிக்கிழமை பட்டறை நடத்தினார். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு இடத்தை, வரைபடமாகக் கீறிக்கொண்டு வாருங்கள் என்பதுதான் கடைசிப் பாடம். ஏழாவது சனிக்கிழமை ஓவியருடனான கலந்துரையாடல். கீறியவர்கள் தங்கள் தாளைத் தூக்கிக் காட்டி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். கோயில் வீதி, தோட்டக் கிணறு, தொண்டைமானாற்றுப் பாலம் என்று ஒவ்வொன்றாக வந்தது. மில்லக்காவும் ஒரு தாள் கீறியிருந்தார். மில்லும் அதைச் சுற்றி ஒன்றுமில்லாத வெள்ளையும். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார்.

கடைசியாக ஒலிபெருக்கிக்காரனின் மனைவி எழுந்து மைக்குக்கு வந்தாள். அவள் கீறுவதே எங்களில் பலருக்குத் தெரியாது. ஓவியரிடம் தாளை ஒளித்து வாங்கியிருக்கிறாள். பார்த்தால் தோட்டக்காணிபோல இருந்தது. வரம்புகள், குறுக்கே வாய்க்கால்கள், சில இடத்தில் குழி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் பெயர் எழுதியிருந்தாள். களிமண் பட்டறை. புகைப்படப் பட்டறை. கதை சொல்லுதல். என் அழைப்பிதழ்களில் நான் போட்ட தலைப்புகள்.

“இது என்ரை முதுகு,” என்றாள்.

மைக் நின்றது. அவன் ஒலிபெருக்கிப் பெட்டியடியில் நின்று நிறுத்தியிருந்தான். அவள் ஒரு கணம் மைக்கைப் பார்த்துவிட்டு, அதைத் தள்ளிவைத்துவிட்டுத் தொடர்ந்தாள். மில்லக்காவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“நீங்கள் இஞ்சை ஒண்டு அடிச்சால் எனக்கு வீட்டிலை மூண்டு விழும் அக்கா. எண்ணிச் சொல்லித்தான் அடிப்பார், இது மில்லுக்காரி தந்தது எண்டு. உங்களிலை எனக்குக் கோவமில்லை. எனக்காண்டி எழும்பினது நீங்கள் ஒராள்தான். ஆனா இவ்வளவு பேர் கைதட்டினீங்கள். இண்டைக்கு எங்கடை வீட்டை வந்து படு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.”

அவன் வயரோடு வந்தான். நுனியில் இரும்பு முனை உள்ள மைக் வயர். இரட்டையாய் மடித்திருந்தான். மரியாதையான முகம் மாறவே இல்லை. முதல் வீச்சு அவளுடைய காதில் பட்டு, காது மடல் கிழிந்தது. கையிலிருந்த தாளில் இரத்தம் விழுந்தது.

நாற்பது பேர் இருந்தோம். நாற்பது பேரும் மில்லக்காவைத் திரும்பிப் பார்த்தோம். இப்போது விழும், இன்றைக்கு இவனை முடித்துவிடுவார் என்று காத்திருந்தோம். நான் காத்திருந்தேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் எழுந்தார். வலக்கை தோள் வரை போனது. அந்தப் பெட்டையின் முகத்தைப் பார்த்தார். கை இறங்கியது. போய் அவளை நெஞ்சோடு கட்டிப்பிடித்து, அவனுக்குத் தன் முதுகைக் கொடுத்து நின்றார்.

அவன் அடித்தான். சேலையும் சட்டையும் சேர்ந்து கிழிகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் அவருடைய உடம்பு முன்னால் போய்த் திரும்பி நிமிர்ந்தது. அவர் திருப்பி அடிக்காதது அவனுக்கு ஆத்திரத்தைக் கூட்டியது. வயரை எறிந்துவிட்டு ஸ்டாண்டைத் தூக்கித் தோளில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்டது. அப்போதும் அவர் பிடியை விடவில்லை.

முதலில் எழுந்தவர்கள் தூள் இடிக்க வந்த பெண்கள். ஒருத்தி அவன் தலைமயிரைப் பிடித்தாள், ஒருத்தி கையைக் கடித்தாள். கூச்சக்காரியான ஓவியர் நிலத்தில் விழுந்து அவனுடைய காலைக் கட்டிக்கொண்டார். சாய்த்து, மிதித்து, பொலிஸ் வரும்வரை அவன் வயராலேயே கட்டிப்போட்டார்கள். தலைவர் வெளியே தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். நான் இரும்பு அலுமாரிக்குப் பின்னால் நின்றேன். கையில் வரவுப் பதிவேடு இருந்தது. அதை ஏன் எடுத்துக்கொண்டு ஓடினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அன்றிரவே மில்லக்கா அவளைத் தன்னுடைய வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். மில்லுக்குப் பின்னால் ஒரு அறையும் குசினியும், அதுதான் வீடு. காறையெலும்பு முறிந்து வலக்கை கழுத்தில் தொங்கியது. திங்கட்கிழமை தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். முதுகைச் சுவரில் சாய்க்க முடியாமல் குறுக்காக இருந்தார். அவள் காதில் தையலோடு பக்கத்தில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன், ஏன் அக்கா அடிக்கேல்லை என்று.

“அடிச்சால் ஆருக்கு விழும் எண்டு அவள் சொன்னது உனக்குக் கேக்கேல்லையே?”

கேட்டது என்றேன். இத்தனை நாளும் தன்னுடைய கையாலேயே அந்தப் பிள்ளையைப் போட்டு அடித்திருக்கிறோம் என்ற நினைப்பு அவரைத் தின்றது. முறிந்த எலும்பைப்பற்றி ஒருவரிடமும் ஒரு சொல் முறையிடவில்லை.

அவன் பிணையில் வர அதிக நாள் எடுக்கவில்லை. வந்த அன்றே இரண்டு மோட்டார்சைக்கிளில் ஆட்களோடு வாள் எடுத்துக்கொண்டு மில்லுக்கு வந்தான். கதவைக் கொத்தினார்கள். பெல்ட்டை அறுத்தார்கள். மா மூட்டைகளைக் குத்தி இழுத்து வீதிவரை வெள்ளையாக்கினார்கள். மில்லக்காவும் அவளும் பின்வேலியால் புகுந்து, வாழைத் தோட்டத்துக்குள் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் படுத்துக் கிடந்திருக்கிறார்கள். போவதற்கு முன் அவன் மில் சுவரில் கரியால், அவள் எங்கே இருந்தாலும் வெட்டுவேன் என்று எழுதிவிட்டுப் போனான்.

அடுத்தநாள் மத்தியானம், உரும்பிராயில் எங்கள் வீட்டுப் படலையில் தட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். மில்லக்கா நின்றார், சேலையில் சேறு காய்ந்திருந்தது. பக்கத்தில் அவள், கையில் ஒரு சீலைப் பை. ஒழுங்கையில் வேறு ஒருவரும் இல்லை. எதிர்வீட்டு யன்னல் மட்டும் திறந்து மூடியது.

“பிள்ளை, இவளை உன்னட்டை விடப்போறன். உன்ரை வீடு அவனுக்குத் தெரியாது.”

எங்கள் வீட்டில் நான்கு அறை. நானும் அம்மாவும் மட்டும். இரண்டு அறைகளில் பழைய பேப்பரும் நெல்லுமூட்டையும் கிடந்தன. இதெல்லாம் எனக்கு அந்த நிமிடம் நினைவுக்கு வந்தது. அவன் என்னை மிஸ் என்று கூப்பிடுவதும், அந்த வாள்களும், எதிர்வீட்டு யன்னலும் நினைவுக்கு வந்தன. படலையின் கொளுக்கியில் என் கை இருந்தது. கழற்றவில்லை.

“அம்மாவை ஒருக்காக் கேட்டுச் சொல்லட்டே அக்கா,” என்றேன்.

அவள் உடனே பையை மறுகைக்கு மாற்றித் திரும்பினாள். இந்தப் பதிலைப் பல வீட்டில் கேட்டவளின் பழக்கம் அதில் தெரிந்தது. மில்லக்கா திரும்பவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். முறியாத இடக்கை எழுந்தது.

எனக்கு அந்தக் கையைத் தெரியும். விழவேண்டிய இடம் என் கன்னம்தான் என்பதும் தெரியும். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. என் விரல்களை அவர் ஒவ்வொன்றாகக் கொளுக்கியிலிருந்து விலக்குவது தெரிந்தது. நோகாமல் விலக்கினார். படலை திறந்தது. கண்ணைத் திறந்தபோது இருவரும் என்னைத் தாண்டிப் பாதி முற்றம் போய்விட்டார்கள். உள்ளே அம்மாவிடம் அவர், இந்தப் பிள்ளை நேற்றுத் தொடக்கம் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்வது கேட்டது. வாங்கோ, வந்து இருங்கோ என்றார் அம்மா. படலையடியில் நான் மட்டும் நின்றேன்.